அவளுக்குத் தெரியாது

ஆகஸ்ட் 21, வியாழன்

ஹார்டுவேர் கடைக்காரர் ஜனவரியில கொடுத்த டைரி. எட்டு மாசமா இதுல பூச்சிப் படம்தான் வரைஞ்சு வச்சிருக்கேன். இன்னைக்குத்தான் எழுத்து எழுதறேன். மனுஷங்ககிட்ட சொல்ல முடியாத விஷயம், அதனால நோட்டுல.

பாக்கியத்துக்கு வயித்துல இருக்கிறது புண்ணு இல்ல. புத்துநோய். கணையத்துல ஆரம்பிச்சு கல்லீரலுக்கும் போயிடுச்சாம். டாக்டர் சின்ன வயசுக்காரர், தன்மையாத்தான் பேசினார். ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்ல, மருந்து ஏத்தினா உடம்பு தாங்காது, வலி தெரியாம பாத்துக்கலாம்னார். எவ்வளவு நாள்னு கேட்டேன். பொங்கலைப் பார்க்கிறது கஷ்டம்னார்.

அப்புறம், "அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா? அவங்க உடம்பு, அவங்களுக்குத் தெரியணும் சார்"னு கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். "எங்க பக்கம் அப்படிச் சொல்ற வழக்கம் இல்ல சார். சொன்னா அன்னைக்கே பாதி உசுரு போயிடும்"னேன். அவருக்கு மனசில்ல, ஆனா சரின்னுட்டார்.

வெளிய பெஞ்சுல கைப்பையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. "என்னவாம்?"

"குடல் புண்ணு. நேரத்துக்குத் தின்னாம ஊறுகாயா நக்கிக்கிட்டிருந்தா வேற என்ன வரும்?"னு அதட்டினேன். அதட்டினாத்தான் நம்புவா. முப்பத்தாறு வருஷமா அதட்டித்தான் பேசியிருக்கேன். திடீர்னு கொஞ்சினா சந்தேகம் வந்துடும்.

"நான் எங்க ஊறுகா தின்னேன்"னு முனகிக்கிட்டே எந்திரிச்சா. நம்பிட்டா.

ஆகஸ்ட் 23

ரிப்போர்ட்டை எல்லாம் பட்டறையில பூச்சு வேலைக்கு வாங்கின காலி பட்டி டப்பாவுக்குள்ள போட்டு மூடி, மேல சிமெண்ட்டு வார்க்கிற அச்சு ரெண்டை வச்சுட்டேன். அந்தப் பக்கம் அவ வரமாட்டா. தூசி ஆகாது.

ஆஸ்பத்திரிச் சீட்டுல எந்தப் பிரிவுன்னு முத்திரை குத்தியிருக்கு. அதுக்கு மேல பால் கார்டு உறையைச் செருகி ஒட்டிட்டேன். இது எனக்கு ஒரு வேலையே இல்ல. துறையூர் சுத்துவட்டாரத்துல எந்தப் பூங்காவுல மரக்கட்டை பெஞ்சு இருந்தாலும் தட்டிப் பாருங்க. சிமெண்ட்டு. மாசிலாமணி செஞ்சது. பட்டை உரிஞ்ச இடம், கரையான் அரிச்ச இடம், கணு, எல்லாம் இருக்கும். ஒருதடவை மரங்கொத்தி வந்து கொத்திப் பாத்துட்டுப் போச்சு. பறவையை ஏமாத்தினவனுக்குப் பொண்டாட்டியை ஏமாத்தறது பெரிய காரியமா?

ரேணுகாவுக்கு போன்ல சொன்னேன். ஓசூர்ல இருந்துக்கிட்டு ஓன்னு அழுதா. "அம்மாகிட்ட சொல்லிடலாம்ப்பா. அவங்க மனசுல ஏதாவது ஆசை இருக்கும்ல?"ங்கிறா. என் மேல சத்தியம் வாங்கிக்கிட்டேன். வாயைத் திறக்கக்கூடாது, அழுத மூஞ்சியோட வீட்டுக்கு வரக்கூடாதுன்னு.

செப்டம்பர் 1, திங்கள்

பட்டாம்பூச்சிப் பூங்கா வேலை ஆரம்பிச்சாச்சு. மொத்தம் பதினொரு உருப்படி. எல்லாமே வேஷம் போடற பூச்சிங்க. குச்சி மாதிரி ஒண்ணு, காஞ்ச இலை மாதிரி ஒண்ணு, ஆந்தைக் கண்ணு மாதிரி றெக்கையுள்ளது ஒண்ணு. வனத்துறையில இருந்து ஆக்னஸ்னு ஒரு மேடம் வந்து சொல்லிக் கொடுக்கிறாங்க. என் மக வயசுதான் இருக்கும். கையில எப்பவும் லென்ஸு.

இன்னைக்கு அவங்க சொன்னது: நம்ம கறிவேப்பிலைச் செடியில முட்டை வைக்குமே கறுப்புப் பட்டாம்பூச்சி, அதுல சில பொட்டைங்க றெக்கையில மட்டும் சிவப்புத் திட்டு இருக்குமாம். சிவப்புத் திட்டோட இன்னொரு ஜாதி உண்டு, அது விஷம். பறவை ஒருதடவை தின்னுட்டுக் கக்கினா பிறகு அந்தச் சாயல் உள்ளது எதையும் தொடாது. அதனால விஷம் இல்லாத இதுவும் விஷப்பூச்சி வேஷம் கட்டிக்குது.

"கெட்டிக்காரிதான்"னேன். மேடம் சிரிச்சாங்க.

செப்டம்பர் 2

பாக்கியம் ரெண்டு இட்லி சாப்பிட்டா. வாந்தி இல்ல.

செப்டம்பர் 9

ஆஸ்பத்திரி. முன்வாசல்ல நாலடி உயரத்துக்குப் பலகை, புற்றுநோய்ப் பிரிவுன்னு. அவ எட்டாவது படிச்சவ, எழுத்துக்கூட்டாமலே படிப்பா. அதனால துணி துவைக்கிற கொட்டகை வழியா பின்பக்கமா கூட்டிட்டுப் போனேன். "முன்னாடி வழி ரிப்பேரு"ன்னேன்.

பின்பக்க வராந்தாவுல நாலஞ்சு பொம்பளைங்க தலையில துணி கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. புருவம்கூட இல்ல ஒருத்திக்கு. பாக்கியம் அவ பக்கத்துல போய் உக்காந்து எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தா. நான் வெடுக்குனு கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். "எல்லாரும் மொட்டை போட்டிருக்காங்க, சமயபுரம் போயிட்டு வந்தாங்களோ"ன்னு கேட்டா. ஆமான்னேன். நல்லவேளை, வெகுளி.

செப்டம்பர் 14, ஞாயிறு

கொல்லையில கறிவேப்பிலை பறிக்கப் போனவ கூப்பிட்டா. இலை மேல காக்கா எச்சம். வெள்ளையும் பழுப்புமா ஈரப் பளபளப்போட. கழுவி விடப் போனேன். "தொடாதீங்க, அது புழு"ன்னா. உத்துப் பாத்தா புழுதான், எச்சம் மாதிரி சுருண்டு கெடக்கு. நாப்பது வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன், ஏமாந்துட்டேன். அவளுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு.

மேடம் சொன்ன விஷப்பூச்சிக் கதையை அவகிட்ட சொன்னேன். "விஷம் இல்லாதது விஷம் இருக்கிற மாதிரி நடிக்குது, சரி. உள்ள விஷம் இருக்கிறது ஒண்ணுமே இல்லாத மாதிரி நடிக்குமா?"னு கேட்டா.

"அதுக்கு எதுக்கு நடிப்பு"ன்னேன்.

"அதானே"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

செப்டம்பர் 20

ரேணுகா வந்திருக்கா. சத்தியத்தைக் காப்பாத்தினா, அழல. அவங்கம்மா குளிக்கப் போன நேரத்துல என்கிட்ட வந்து, "சித்திக்காவது சொல்லணும்ப்பா. கூடப்பிறந்தது அவங்க ஒருத்தங்கதானே"ன்னா.

சித்தின்னா பாக்கியத்தோட தங்கச்சி சௌந்தரம். அரியலூர்ல அங்கன்வாடி டீச்சர். புருஷன் இல்ல, பிள்ளையும் இல்ல. அப்பன் ஆத்தாவும் போயாச்சு. ரேணுகா கல்யாணத்தன்னைக்குப் பந்தியில உக்காராம கிளம்பிப் போனவ, ஏழு வருஷமாச்சு, இந்த வாசலை மிதிக்கல. என்ன கோவமோ. பாக்கியம் நாலஞ்சு தடவை போன் பண்ணிப் பாத்தா, அவ எடுக்கல. "பெரியவ நான் எத்தனை தடவைதான் இறங்கிப் போறது, அவளே வரட்டும்"னு இவளும் விட்டுட்டா. ரெண்டும் ஒரே வயித்துல பிறந்ததுங்கதானே, வீம்புக்குக் குறைச்சலில்ல.

ரேணுகாகிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். ஏழு வருஷம் வராதவ திடீர்னு வந்து நின்னா உங்கம்மாவுக்கு விஷயம் புரிஞ்சிடும், வேண்டாம்னு. அதுதான் காரணம்.

செப்டம்பர் 27

உடம்பு தேறிக்கிட்டு வருதுன்னுதான் தோணுது. ரெண்டு நாளா பரணை ஒழிச்சுக்கிட்டிருக்கா. அடுப்படி டப்பா ஒவ்வொண்ணுலயும் பேப்பர் ஒட்டிப் பேர் எழுதியிருக்கா. தனியா, கடலைப்பருப்பு, ரசப்பொடி. "இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்கு இது?"ன்னு கேட்டேன். "உங்களுக்கு உளுந்துக்கும் வெள்ளைச் சோளத்துக்கும் வித்தியாசம் தெரியுதா"ன்னு கேட்டா. என்னைப் பக்கத்துல நிக்க வச்சு ரசம் வைக்கச் சொன்னா. புளி கரைக்கத் தெரியாம சட்டையெல்லாம் தெறிச்சுக்கிட்டேன். வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

காஞ்ச இலைப் பூச்சிக்கு நரம்பு கீற பொடிப்பல்லு சீப்பு தேவைப்பட்டுச்சு. ஈரச் சிமெண்டுல சீப்பை இழுத்தா அப்படியே இலை நரம்பு மாதிரி வரும். அவளோட பேன்சீப்பைக் கேட்டேன். "எடுத்துக்கோங்க, எனக்கினி எதுக்கு"ன்னா. புதுசு வாங்கியிருப்பா போல.

அக்டோபர் 3

எதிர்வீட்டு மங்களத்தம்மா போயிட்டாங்க. எண்பத்தி மூணு வயசு, கல்யாணச் சாவு. பாக்கியம் முடியாட்டியும் போய் உக்காந்திருந்துட்டு வந்தா. பிறந்த வீட்டுக் கோடி வந்துச்சாம், தம்பிங்க மூணு பேரும் ஆளுக்கொரு சேலை கொண்டாந்து உடம்பு மேல போத்தினாங்களாம். "கொடுத்து வச்ச மகராசி. சேலை குவிஞ்சு கெடந்துச்சு"ன்னு ரெண்டு தடவை சொன்னா.

எங்க பக்கம் பொம்பளை செத்தா பிறந்த வீட்ல இருந்து கோடிச்சேலை வந்து போத்தாம எடுக்கமாட்டாங்க. அண்ணன் தம்பி கொண்டாரணும். அவங்க இல்லாதவளுக்குப் பிறந்த வீட்டு ஆளு யாராவது.

"வெள்ளிக்கிழமை அதுவுமா என்ன சாவுப் பேச்சு"ன்னு சத்தம் போட்டேன். 

அக்டோபர் 6

மத்தியானம் பட்டறையில இருந்து சீக்கிரமா வந்தேன். கொல்லையில கறிவேப்பிலைச் செடிகிட்ட நின்னு போன் பேசிக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் வச்சுட்டா. கண்ணு சிவந்திருந்துச்சு. ரேணுகாகிட்ட பேசினேன், வெங்காயம் உரிச்சேன்னா.

சாயங்காலம் ரேணுகா கூப்பிட்டா. அம்மா ரெண்டு நாளா பேசலையே, எப்படி இருக்காங்கன்னு கேட்டா. மறதிக்காரி, மத்தியானம் பேசினதையே மறந்துட்டா.

இன்னைக்குக் குழம்புல வெங்காயம் இல்ல.

அக்டோபர் 20, தீபாவளி

குளிச்சுட்டுப் புதுச்சேலை கட்டினா. இடுப்புல நிக்கல, ரெண்டு சுத்து கூடுதலாச் சுத்த வேண்டியதாப் போச்சு. "ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுக்கணும். ஆதார் கார்டுல பேய் மாதிரி இருக்கேன்"னா. கூட்டிட்டுப் போனேன். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார். நல்லாவே சிரிச்சா.

வரும்போது ஆட்டோவுல கேட்டா. "ஏங்க, ரேணுகா கல்யாணத்தன்னைக்குச் சௌந்தரத்துக்கிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

ஏழு வருஷத்துல ஒருநாளும் கேட்காத கேள்வி. "எனக்கென்ன தெரியும். ஆயிரம் பேர் வந்த கூட்டம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாராவது சொல்லியிருப்பாங்க"ன்னேன்.

என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. நான் ரோட்டைப் பாத்தேன்.

"சரி. போகட்டும் விடுங்க"ன்னு என் கை மேல கையை வச்சா. நடுரோட்டுல, ஆட்டோக்காரன் கண்ணாடியில பாக்கறான், கையை எடுக்கவே இல்ல.

அக்டோபர் 21

தூக்கம் சரியில்ல. இவ்வளவு தூரம் எழுதியாச்சு, இதையும் எழுதிடறேன்.

பின்னாடி நிக்கச் சொன்னாங்கன்னுதான் சௌந்தரத்துக்குக் கோவம். பட்டுச்சேலை கட்டி, பூத்தட்டைக் கையில வச்சிக்கிட்டு, பெத்த பொண்ணு கல்யாணம் மாதிரி மணவறைக்கு முன்னாடி நின்னா. மாப்பிள்ளையோட பெரியம்மா என் காதுகிட்ட வந்து, "தாலி கட்டற நேரம், புருஷனில்லாதவங்க முகத்துல முழிக்க வேண்டாமே"ன்னுச்சு. அந்த நேரத்துல சம்பந்திகிட்ட நியாயம் பேச முடியுமா?

பேசியிருக்கணும்.

சௌந்தரத்துக்கிட்ட போனேன். என் வாயால சொல்லக் கூசிச்சு. "அக்கா உன்னைக் கொஞ்சம் பின்னாடி நிக்கச் சொன்னா"ன்னேன்.

பாக்கியம் சொல்லல. பாக்கியத்துக்கு இது எதுவுமே தெரியாது. மணவறை மேல ரேணுகா பக்கத்துல உக்காந்து மாலையைச் சரி பண்ணிக்கிட்டிருந்தா. சௌந்தரம் அங்க நிமிந்து பாத்தா. அந்த நேரம் பாத்து பாக்கியம் யாரையோ பாத்துச் சிரிச்சா. அவ்வளவுதான். தட்டை நாற்காலியில வச்சுட்டுப் போயிட்டா. தங்கச்சி எங்கன்னு பாக்கியம் கேட்டப்போ, "தலைவலின்னு கிளம்பிட்டா"ன்னேன்.

இதுல யாரு கொலை பண்ணிட்டாங்க. கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும்னு நினைச்சேன்.

நவம்பர் 4

காஞ்ச இலைப் பூச்சி முடிஞ்சுது. என் கையால செஞ்சதுலயே இதுதான் உசத்தி. கூட்டற அம்மா விளக்கமாத்தால தள்ளப் பாத்துச்சு. ஆக்னஸ் மேடம் லென்ஸு வச்சுப் பாத்துட்டு, "சார், பிள்ளைங்களுக்குப் பூச்சின்னே தெரியாது போல"ன்னு கவலைப்பட்டாங்க.

பாக்கியத்தை ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். நாலடி நடந்தா மூச்சு வாங்குது. என் சிமெண்ட்டு மரக்கட்டையிலயே உக்கார வச்சேன். "இங்க ஒரு பூச்சி இருக்கு, கண்டுபிடி பாப்போம்"னேன். தலையைத் திருப்பினவ நேரா கையை நீட்டினா.

"எப்படித் தெரிஞ்சுது?"

"இலைக்கு இவ்வளவு அழுத்தமா நரம்பு இருக்காதுங்க. நீங்க எதையாவது மறைக்கணும்னா கொஞ்சம் கூடுதலா வேலை செஞ்சிடுவீங்க"ன்னா.

எனக்குச் சுருக்குனு வந்துச்சு. வேலையில குத்தம் சொன்னா யாருக்குத்தான் வராது.

விஷப்பூச்சிக்குத் தன்கிட்ட விஷம் இருக்கிறது தெரியுமான்னு மேடத்துக்கிட்ட பாக்கியம் கேட்டா. "தெரியுமான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா அது பறக்கிறதைப் பாத்தா தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். அவசரமே படாது, நிதானமாப் பறக்கும். வேஷம் போடறதும் அதே மாதிரி நிதானமாப் பறக்கும். துரத்தினா மட்டும் வேஷத்தை மறந்துட்டு வெடுக்குனு பறந்துடும்"னாங்க.

பாக்கியம் என்னைப் பாத்துச் சிரிச்சா. எதுக்குன்னு தெரியல.

நவம்பர் 12

படுக்கையோட ஆயிட்டா. வலிக்குச் சொட்டு மருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. "புண்ணு ஆறணும்னா இப்படித்தான் வலிச்சு ஆறும்"னு சொன்னேன். "ஆமா, பழுத்துத்தான் உடையும்"னா.

நவம்பர் 16

ரேணுகா வந்துட்டா, இனி இங்கதான் இருப்பா. நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு சௌந்தரம் நம்பரைப் போட்டேன். மணி அடிச்சுது. "ஹலோ"ன்னா. கட் பண்ணிட்டேன்.

அவ வந்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் உக்காந்து பேசுவாங்க. ஏன்டி போனேன்னு இவ கேப்பா. நீதானே சொன்னேன்னு அவ சொல்லுவா. அப்புறம் ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பாப்பாங்க. நோயை மறைக்கத்தான் சௌந்தரத்தைக் கூப்பிடலைன்னு ரேணுகாகிட்ட சொன்னேன். இந்த டைரியிலயும் அதையேதான் எழுதியிருக்கேன். புரட்டிப் பாத்தேன், செப்டம்பர் இருபதுல இருக்கு.

சாகப்போற பொண்டாட்டி முன்னாடி மானம் போயிடும்னு பயப்படறவன் நான்.

நவம்பர் 23, ஞாயிறு

தலைமாட்டுல உக்காந்திருந்தேன். கண்ணைத் திறந்து, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டா.

நாக்கு நுனியில வந்து நின்னுச்சு, ரெண்டும். "ஒண்ணுமில்ல. சீக்கிரம் ஆறிடும்"னேன்.

"ஆறிடும்"னா. என்னைச் சமாதானப்படுத்தற மாதிரி தலையை ஆட்டினா. அப்புறம் தண்ணி கேட்டா.

நவம்பர் 28, வெள்ளி

காலை ஆறே காலுக்குப் போயிட்டா.

டிசம்பர் 2

அன்னைக்கு நடந்ததை எழுதணும். ரேணுகாதான் சித்திக்குப் போன் பண்ணா. நான் தடுக்கல, தடுக்க என்ன இருக்கு இனி. ஒன்பது மணிக்கெல்லாம் சௌந்தரம் வந்து இறங்கிட்டா. தலை பாதி நரைச்சிருந்துச்சு. யார்கிட்டயும் பேசல. பையில இருந்து பச்சைக் கலர்ல பொடிக்கட்டம் போட்ட சேலையை எடுத்து, பிரிச்சு, அவங்க அக்கா மேல போத்தினா. பிறந்த வீட்டுக் கோடி. அப்புறம்தான் அழுதா.

எனக்கு அந்த நேரத்துலயும் புத்தி எங்க போச்சுன்னா, காலையில ஆறே காலுக்குச் செத்தவளுக்கு, ஏழு மணிக்குப் பஸ் ஏறினவ, எந்தக் கடையில கோடி வாங்கினா? அரியலூர்ல எந்த ஜவுளிக்கடை அந்நேரத்துக்குத் திறந்திருக்கும்?

காட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு வந்தப்புறம், எல்லாரும் குளிச்சு முடிச்சப்புறம் கேட்டேன்.

"அக்கா அக்டோபர்லயே போன் பண்ணி வாங்கி வைக்கச் சொன்னா மாமா. பச்சைதான் வேணும்னா."

"அக்டோபர்லயா?"

"ஆறாம் தேதி. எனக்குப் புத்துநோய்டி, ரொம்ப நாள் தாங்கமாட்டேன்னா. நான் உடனே வரேன்னேன். வராதே, எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரியாது, நீ வந்து நின்னா அவருக்குத் தெரிஞ்சிடும், மனுஷன் உடைஞ்சு போயிடுவார், கஷ்டப்பட்டு மறைக்கிறார், மறைச்சுட்டுப் போகட்டும்னா. சேலையோட அன்னைக்கு வந்தாப் போதும்னா."

அவ வெங்காயம் உரிச்சேன்னு சொன்ன நாள் அது.

"இன்னொண்ணும் பேசினோம். ஏன்க்கா அன்னைக்கு மாமாகிட்ட சொல்லி விட்டு என்னைப் பின்னாடி நிக்க வச்சேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. போன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், ஆமாடி, நான்தான் சொன்னேன், தப்புதான், மன்னிச்சுக்கோன்னா."

சௌந்தரம் மூக்கைச் சிந்திக்கிட்டு உள்ள போயிட்டா. நான் அங்கேயே நின்னேன். ரேணுகா வந்து காபி குடிக்கச் சொன்னா.

டிசம்பர் 5

பட்டறைக்குப் போனேன். ரிப்போர்ட்டை எரிச்சுடலாம்னு பட்டி டப்பாவைத் திறந்தேன். நான் வச்சப்போ வெறும் காகிதமாத்தான் வச்சேன். இப்ப எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள்ள இருந்துச்சு, மடிப்பு நீவி, ரப்பர் பேண்டு போட்டு. அந்தக் கொட்டகையில மழைக்கு ஈரம் கசியும். ஈரம் பட்டுடக் கூடாதுன்னு நினைச்சிருக்கா.

எப்ப வந்து எடுத்தான்னு தெரியல. மேல இருந்த அச்சு ரெண்டும் நான் வச்ச மாதிரியே இருந்துச்சு. அவ வேலை அப்படி. ஒரு இடத்துலயும் கூடுதலா ஒரு கோடு இல்ல.

நான் நடிச்சதை அவ பாத்துக்கிட்டிருந்திருக்கா. அவ நடிச்சதை நான் பாக்கவே இல்ல. மூணு மாசம் ஒரே வீட்ல, ஒருத்தருக்கொருத்தர் நல்லா ஒருநாள் உக்காந்து அழாம போயிட்டோம். இதைவிட முட்டாள்தனம் உலகத்துல இருக்கா?

டிசம்பர் 13, சனி

பதினாறாம் நாள் காரியம். தீபாவளிக்கு எடுத்த போட்டோவைத்தான் பெரிசு பண்ணி மாலை போட்டிருந்தோம். ஐயர் பிறந்த வீட்டுக்காரங்களை முன்னாடி வரச் சொன்னார். சௌந்தரம் கதவோரமா, எல்லாருக்கும் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தா. "முன்னாடி வாம்மா"ன்னு கூப்பிட்டேன்.

"இருக்கட்டும் மாமா. அக்கா பின்னாடி நிக்கச் சொன்ன ஆளு நான்"ன்னு லேசா சிரிச்சா. கோவத்துல சொல்லல. ஆறிப்போன விஷயத்தைச் சொல்ற மாதிரிதான் சொன்னா.

எனக்குத் தாங்கல. ஆளெல்லாம் போனப்புறம், பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தவளைக் கூப்பிட்டேன். உக்காரச் சொன்னேன். நான் நின்னுக்கிட்டேதான் சொன்னேன்.

"அன்னைக்கு உன்னைப் பின்னாடி நிக்கச் சொன்னது உங்கக்கா இல்ல சௌந்தரம். சம்பந்தி வீட்ல சொன்னாங்க, நான் வந்து அக்கா பேரைச் சொன்னேன். அவளுக்கு எதுவுமே தெரியாது. நீ போன்ல கேட்டப்போதான் அவளுக்கே தெரிஞ்சிருக்கும். என்னைக் காட்டிக் கொடுக்காம அவ தலையில போட்டுக்கிட்டா."

திட்டுவா, கையில இருந்த டம்ளரை வீசுவான்னு நினைச்சேன். வீசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். ஈரக் கையைச் சேலையில துடைச்சுக்கிட்டே இருந்தா.

"அவ மன்னிச்சுக்கோன்னு சொன்னப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா மாமா?"ன்னா. "இப்பவாவது ஒத்துக்கிட்டியேன்னு சொன்னேன். சாகப்போறேன்னு சொல்றவகிட்ட. பரவால்லக்கான்னு ஒரு வார்த்தை வரல என் வாயில. வராதேன்னு அவ சொன்னதும் எனக்கு ஒருவகையில சௌகரியமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் வரல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். இல்ல, ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம், ஓடி வந்திருப்பேன். நேத்து வரைக்கும் அவ தப்பு பண்ணா, நான் கொஞ்சம் விறைப்பா இருந்தேன், ரெண்டும் சரியாப் போச்சுன்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன். இப்ப அதையும் எடுத்துட்டீங்க. இனி நான் யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்கறது?"

அவ எந்திரிச்சுப் போய் மீதிப் பாத்திரத்தையும் கழுவினா.

டிசம்பர் 14

சொல்ல வேண்டிய நாள்ல சொல்லல. சொன்னது என் பாரம் இறங்கறதுக்குத்தான். அதை அவ தலையில இறக்கி வச்சுட்டேன். நேத்து சொன்னது சரியா தப்பான்னு பாக்கியத்தைத்தான் கேக்கணும்.

சௌந்தரம் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினா. நான் வச்ச ரசத்தை ஊத்திக்கிட்டு ரெண்டு வாய் சாப்பிட்டா. உப்பு கம்மின்னு சொல்லல. பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, போட்டோவுக்கு நேரா, எல்லாத்துக்கும் முன்னாடி வந்து நின்னா. ரொம்ப நேரம் நின்னா. பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னு ரேணுகாவும் சொல்லல.

நான் பின்னாடி நின்னேன்.